82–86 சிவில்: நம்மோடு இல்லாத ஒன்பது பேர்

மீட்டர்கேஜ் (ஞாயிறு, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் காரைக்குடியில் கூடுகிறோம், அழகப்பா இன்ஜினியரிங் கல்லூரியில் சிவில் படிப்பு முடித்து 40 வருடம். நினைவு மலர் ஒன்று அச்சிடுவது முடிவாகிவிட்டது. அதில் முதல் ஒன்பது பக்கங்களை நம்மோடு இல்லாத ஒன்பது பேருக்கு ஒதுக்கியிருக்கிறேன், ஆளுக்கு ஒரு பக்கம்.

போன வாரம் எழுத உட்கார்ந்தேன். யாரை நினைத்தாலும் அவன் எப்படிப் போனான் என்பதுதான் முதலில் வந்தது. எந்த ஆஸ்பத்திரி, யார் போன் செய்து சொன்னார்கள், நான் போனேனா இல்லையா. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நான்கு வருடம் ஒரே மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பற்றி அவனுடைய கடைசி நான்கு நாள்தான் எனக்குத் தெரியும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் சரி.

இது எல்லோரும் படிக்கிற இடம். பெயர் வேண்டாம், ரோல் நம்பர் போதும். வருகைப் பதிவேட்டில் நான்கு வருடம் கேட்டுக் கேட்டு, நமக்குப் பெயருக்கு முன்னால் நம்பர்தான் நினைவுக்கு வருகிறது. 3, 9, 12, 17, 26, 31, 38, 44, 52.

இன்னொன்று. 12-க்கு ஒரு படம்கூட இல்லை. கடைசி வருடம் வகுப்புப் படம் எடுத்த அன்று அவன் ஊருக்குப் போயிருந்தான். யாரிடமாவது இருந்தால் தேடிப் பாருங்கள்.

கோட்டையூர்க்காரன் (ஞாயிறு, இரவு 10.25)

மாப்ள, உன் மனசு புரிகிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 25ஆம் வருடம் கூடியபோது படங்களுக்கு மாலை போட்டோம், ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அது போதும் என்பது என் கருத்து. எழுத ஆரம்பித்தால் நேராக 44-இல் போய் நிற்கும். அவன் அண்ணனிடம் அப்போது பேசியவன் நான். "ஊர் பேசினது போதும் தம்பி, நீங்களும் எதையாவது எழுதிடாதீங்க" என்றார். அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டம்பி லெவல் (திங்கள், காலை 6.15)

44 விஷயத்தை அப்புறம் பேசுவோம். 31-இலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். ராத்திரி முழுக்க அவன் நினைவுதான்.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். முதல் நாள் ஹாஸ்டலில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, திரும்ப ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தான். "என்னடா இது, சர்க்கரை போட்டிருக்கா?" என்று கேட்டான். காரைக்குடித் தண்ணீரின் ருசி எங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவனுக்கு நான்கு வருடமும் பழகவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஐந்து லிட்டர் கேன் நிறையத் தண்ணீர் பிடித்து ஊருக்கு எடுத்துப் போவான். துணிப் பையைவிட அந்தக் கேன்தான் பெரிது. அவன் அம்மா ஊருணியில் தண்ணீர் வற்றினால் மணலைத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்களாம். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம்.

குடிநீர் வடிகால் வாரியத்தில் வேலை கிடைத்தது. அரசு வேலையில் இராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றால் தண்ணியில்லாக் காட்டுக்குப் போட்டுவிட்டார்கள் என்று அழுவார்கள். இவன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். காவிரித் தண்ணீரை இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதில் அவன் பொறுப்பில் பல கிலோமீட்டர் குழாய் பதித்தார்கள். ஒருமுறை என்னை ஜீப்பில் கூட்டிப் போனான். மேடான இடங்களில் குழாயில் அடைத்த காற்று வெளியேற ஏர் வால்வு வைப்போம் இல்லையா, அதில் கசிகிற தண்ணீருக்கு ஒரு பாட்டி குடம் வைத்திருந்தார். டிரைவர் இறங்கிச் சத்தம் போடப் போனார். இவன் தடுத்துவிட்டான். "அது கசிவுன்னு கணக்கில நான் எழுதிக்கிறேன், நீ வண்டியில ஏறு" என்றான்.

அவன் அம்மா குழாயடியில் நின்று காவிரித் தண்ணீர் பிடித்த பிறகுதான் போனார்கள். இதை அவனே என்னிடம் சொன்னான். அவன் பக்கத்தில் இது வரவேண்டும்.

மீட்டர்கேஜ் (திங்கள், காலை 7.02)

இதைத்தான்டா கேட்டேன். எனக்கு 31 என்றால் டயாலிசிஸ் மட்டும்தான் நினைவில் இருந்தது.

செக்காலை (திங்கள், பிற்பகல் 3.40)

வகுப்பில் 58 பேர், பெண்கள் மூன்று பேர். உங்களில் பாதிப் பேரோடு நான்கு வருடத்தில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, அப்போது அப்படித்தான் இருந்தது. அதனால் 52 பற்றி உங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அவள் இறந்தது நமக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படிப்பு முடிந்த ஆறாவது மாதம் கல்யாணம். பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்து மாறியது, ஊர் மாறியது. வாட்ஸப் குழு தொடங்கியபோது ஆண்கள் 50 பேரை ஒரு மாதத்தில் தேடிப் பிடித்தீர்கள். அவளை யாரும் தேடவில்லை, தேடுவதற்கு ஒரு முகவரியும் இல்லை. வேலைக்கு அவள் போகவில்லை. ஆனால் வீட்டுத் திண்ணையில் 30 வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், பணம் வாங்காமல். துக்கம் கேட்கப் போனபோது அவள் கணவர் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நம் சர்வே கேம்ப்பின் கான்டூர் ஷீட், மேடு பள்ளத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம், குன்றக்குடி மலையைச் சுற்றி நாம் எடுத்தது, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் மூலையில் மதிப்பெண்: 48/50. அந்த கேம்ப்பில் 48 வாங்கியது அவள் ஒருத்திதான். உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அவளைப் பற்றி எழுதும்போது 9-ஐயும் சேர்த்துத்தான் எழுத முடியும். 1984 அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி மதியமே வாய்வழியாக வந்துவிட்டது. ஆகாசவாணி சாயங்காலம்தான் சொன்னது. அதற்குள் கடைகளை அடைத்துவிட்டார்கள், பஸ் நின்றுவிட்டது. 52-உம் அவள் ஊர்க்கார ஜூனியர் பெண் ஒருத்தியும் தேவகோட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். இருவரும் பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு நின்றார்கள். 9-உம் 22-உம் மெஸ் சமையல்காரர் சைக்கிளையும் வாட்ச்மேன் சைக்கிளையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் சைக்கிளில் மெதுவாகப் போக, இவர்கள் இருவரும் பின்னாலேயே நடந்தும் ஓடியும் போனார்கள். பதினெட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. அவள் அப்பா வாசலில் நின்று இரண்டு பையன்களையும் முதலில் திட்டித் தீர்த்தாராம். அப்புறம் விஷயம் தெரிந்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாராம். மூன்று நாளும் பஸ் ஓடவில்லை, நீங்கள் வந்ததால்தான் பிள்ளை வீடு வந்து சேர்ந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இதை அவள் என்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறாள். ஒரு முறைகூட 9-இடம் நன்றி சொன்னதில்லை, பேசினால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம். இப்போது இரண்டு பேரும் இல்லை. இரண்டு பக்கத்தையும் எதிரெதிராக வையுங்கள்.

டம்பி லெவல் (திங்கள், மாலை 5.05)

அந்த 22 நான்தான். செக்காலை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்று அவர் வீட்டில் போட்டது வெந்தயக் குழம்பும் அப்பளமும். 9 நான்கு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். திரும்பி வரும்போது வழியெல்லாம் இருட்டு, விளக்கு இல்லாத சைக்கிள். 9 முன்னால் போய்க்கொண்டே சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தான், பின்னால் வருகிற எனக்குப் பாதை தெரிவதற்காக. அவன் குரல் அவ்வளவு ஒன்றும் நன்றாக இருக்காது. அதைக் கேட்டுத்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

48 மதிப்பெண் எனக்கு நினைவில்லை. வருத்தமாக இருக்கிறது.

அறை எண் 23 (செவ்வாய், இரவு 11.50)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 3 பற்றி யாரும் எழுதவில்லை. எழுத முடியாது, ஏனென்றால் அவன் நம்மோடு இருந்ததே ஒன்றரை வருடம்தான். அவன் என் அறைத்தோழன்.

பொங்கல் விடுமுறை, இரண்டாம் வருடம். அவன் ஊருக்கு நானும் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்று மாடு குளிப்பாட்டக் கண்மாய்க்குப் போனோம். எனக்கு நீச்சல் தெரியாது, கரையில் உட்கார்ந்திருந்தேன். மடைப் பக்கம் ஆழம் என்று அவனுக்குத் தெரியும், அவன் ஊர்க் கண்மாய். இவ்வளவுதான் சொல்வேன். இதற்கு மேல் 42 வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

மீட்டர்கேஜ் சொன்னது எனக்கும் பொருந்தும். எனக்கு அவன் என்றால் அந்தக் கரை மட்டும்தான். நேற்று வேண்டுமென்றே உட்கார்ந்து யோசித்தேன், அதற்கு முன்னால் என்ன என்று. மெதுவாக வந்தது. இங்க் பேனாவை மூடாமல் சட்டைப் பையில் வைப்பான், அவனுடைய எல்லாச் சட்டையிலும் இடது பக்கம் நீலக் கறை இருக்கும். தூக்கத்தில் பேசுவான், எல்லாம் மாடுகளின் பெயர். முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் டிராயிங்கில் தோற்றான், இரண்டாவது முறை எழுதி 71 வாங்கினான். அன்று எனக்குப் பஸ் ஸ்டாண்ட் கடையில் கல்தோசை வாங்கிக் கொடுத்தான். கையில் இருந்த மொத்தக் காசும் அதற்கே போய்விட்டது, இரண்டு பேரும் நடந்து வந்தோம்.

அவன் தம்பி இப்போதும் அந்த ஊரில்தான் இருக்கிறார். மலர் வந்ததும் ஒரு பிரதியை நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 1984க்குப் பிறகு அந்த ஊருக்கு நான் போனதில்லை.

மீட்டர்கேஜ் (புதன், காலை 6.30)

போகும்போது சொல்லுடா, நானும் வருகிறேன்.

38 பற்றி நான் எழுதிவிட்டேன். பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்து 47 வயதில் போனவன். நம் கல்லூரியை 1952இல் தொடங்கிய அழகப்பர் 1957இல் இறந்தபோது 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. பக்கத்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மனிதருக்குக் கிடைத்த வயது அவ்வளவுதான் என்று 38 அடிக்கடி சொல்வான். அவனுடைய மாணவர்கள் பத்துப் பேர் என்னிடம் பேசினார்கள், எல்லோரும் அவன் கரும்பலகைப் படங்களைப் பற்றித்தான் பேசினார்கள். பக்கம் நிறைந்துவிட்டது.

கோட்டையூர்க்காரன் (புதன், இரவு 9.15)

நான் முதலில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மாலை மட்டும் போதாது. 26 வீட்டுக்கு நேற்றுப் போயிருந்தேன், அதனால் சொல்கிறேன். அவன் போய்ப் பன்னிரண்டு வருடம். அவன் எந்த வங்கியில் என்ன வைத்திருந்தான் என்று அவன் மனைவிக்குத் தெரியாது. போன வருடம் பழைய டைரி ஒன்றில் டெபாசிட் எண் இருந்ததை மகன் பார்த்திருக்கிறான். பத்து வருடம் தொடாமல் கிடக்கிற டெபாசிட் பணத்தை வங்கி, ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். ஆனால் வாரிசுகள் எப்போது கேட்டாலும் அந்த வங்கி மூலமாகவே திரும்பக் கிடைக்கும். உத்கம் என்று ரிசர்வ் வங்கியே 2023இல் ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அந்த அம்மாவோடு நான் போய்வந்தேன். அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்களில் ஒருவராவது அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போய், "அண்ணி, பேப்பர் எல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மற்ற எட்டு வீடுகளையும் யார் யார் போய்ப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வோம். 44 வீட்டுக்கு நான் போகிறேன்.

44 பக்கம் பற்றி. அவன் அண்ணனிடம் இன்று காலை பேசினேன். எப்படிப் போனான் என்று ஒரு வரிகூட வராது, அவனுக்கு மட்டுமில்லை, ஒன்பது பேருக்கும் வராது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவன் கட்டின ரேஷன் கடை இன்னும் ஒழுகாம நிக்குது தம்பி, அதைப் போடுங்க" என்றார்.

மீட்டர்கேஜ் (புதன், இரவு 9.40)

சரி. அப்படியே செய்வோம். மரணத் தேதிகூட வேண்டாம், ரோல் நம்பரும் படமும் போதும். மாரடைப்பு என்று மாற்றி எழுதலாமே என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். பொய்யும் வேண்டாம், உண்மையைப் போட்டு அந்த வீட்டைப் புண்படுத்தவும் வேண்டாம். அவன் கட்டிய கடை இருக்கிறது.

17-இன் மகள் (வியாழன், இரவு 8.20)

அங்கிள்கள், ஆன்ட்டி எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூர் அங்கிள்தான் இந்த இழையை அனுப்பினார். அப்பா 2021 மே மாதம் போனார். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்த வாரம். ஊரடங்கு. நாங்கள் நான்கு பேர்தான் போனோம், முகத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். நீங்கள் யாரும் வர முடியவில்லை என்று அம்மா இன்றுவரை வருத்தப்படுகிறார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அப்பா 19 வயதில் எப்படி இருந்தார்? வீட்டில் அதிகம் பேசமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார், எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். என் கல்யாணத்துக்குப் பார்க்கப் போன மண்டபத்தில்கூடத் தட்டினார்.

அறை எண் 23 (வியாழன், இரவு 8.55)

அம்மா, உட்கார்ந்துகொள், சொல்கிறேன். அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வருடம் கட்டுமானப் பொருள் வகுப்பு. நல்ல செங்கல்லுக்கு நான்கு சோதனை: இரண்டு கல்லை மோதினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினாலும் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. எல்லோரும் பரீட்சைக்குப் படித்தோம். உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றியிருந்த சூளைகளுக்கு நடந்தே போய், சூளைக்கு இரண்டு கல்லாக வாங்கி, ஹாஸ்டல் வாளிகளில் ஊறப் போட்டுவிட்டார். மறுநாள் காலை பாத்ரூமில் ஒரு வாளி காலி இல்லை. பெரிய சண்டை. உன் அப்பா ஒருவர் சட்டையையும் பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி வந்து ஒவ்வொரு கல்லாக எடை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து எடையைக் குறித்துக் கொடுத்தோம்.

அப்போதும் அதிகம் பேசமாட்டார் அம்மா. 19 வயதிலும் நீ பார்த்த அதே ஆள்தான்.

17-இன் மகள் (வியாழன், இரவு 9.30)

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் அங்கிள். அழுகையும் சிரிப்புமாக இருக்கிறார்.

அப்பாவின் பெட்டியில் ஒரு படம் இருக்கிறது, ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளை. கடற்கரையில் ஐந்து பேர், பின்னால் கடலுக்குள் தூண்களும் வேலை முடியாத பாலமும். இடமிருந்து மூன்றாவது அப்பா என்று தெரிகிறது. மற்றவர்கள் யார்? பின்புறம் பென்சிலில் "பாம்பன் 12.1.85, எஃப் 8, 125" என்று எழுதியிருக்கிறது. அது அப்பா கையெழுத்து இல்லை.

டம்பி லெவல் (வியாழன், இரவு 10.05)

மூன்றாம் வருடச் சுற்றுலா. மீட்டர் கேஜ் ரயிலில் போனோம். இடது ஓரத்தில் நான், அடுத்தது 9, உன் அப்பா, 31, கடைசியில் கோட்டையூர்க்காரன். பின்னால் தெரிவது சாலைப் பாலம், 1974இல் தொடங்கி 1988 அக்டோபர் 2இல் திறந்தார்கள். 31 திறந்த வாரமே பஸ்ஸில் போய்வந்தான். "அன்னைக்குக் கீழே இருந்து பார்த்தோம், இன்னைக்கு மேலே இருந்து பார்த்தேன்" என்று கார்டு போட்டிருந்தான். ஐந்து பேரில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

அந்தப் பென்சில் எழுத்து யாருடையது என்று செக்காலைக்குத் தெரியுமா? லேப் ரெக்கார்டு எல்லாம் நீங்கள்தான் வாங்கி அடுக்குவீர்கள்.

செக்காலை (வியாழன், இரவு 10.40)

தெரியும். எட்டை இரண்டு வட்டமாகப் போட்டு ஒட்டுவது 12 மட்டும்தான். வகுப்பில் கேமரா வைத்திருந்தவனும் அவன் ஒருவன்தான். மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. எந்தப் படம் எடுத்தாலும் இடம், தேதி, கேமராவில் வைத்த துளை அளவு, வேகம் எல்லாவற்றையும் பின்னால் இப்படி எழுதிக் கொடுப்பான். நம்மிடம் இருக்கும் அந்த வருடத்துப் படம் முக்கால்வாசியும் அவன் எடுத்ததுதான், எல்லோரும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

மீட்டர்கேஜ் (வியாழன், இரவு 11.15)

திருப்பிப் பார்த்தேன். என்னிடம் நான்கு இருக்கிறது, நான்கிலும் அந்த எழுத்து.

12 பக்கத்துக்கு முகம் வேண்டாம். படங்களின் பின்பக்கத்தை எல்லோரும் ஸ்கேன் செய்து சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள். மகளே, உன் படத்தின் பின்பக்கத்தையும் கொஞ்சம் பெரிய அளவில் எடுத்து அனுப்பு. பென்சில் மங்கிவிடும் முன் அச்சுக்குப் போகட்டும்.